அமைதிப் பரிசின் முதற் பதினான்கு ஆண்டுகள்

ஹிஜ்ரி 1276இல், அதாவது கி.பி. 1860 ஜூலைத் திங்களில், டமாஸ்கஸ் நகரின் கிறிஸ்தவக் குடியிருப்புகள் தீக்கிரையாயின. லெபனான் மலைப்பகுதியில் துரூஸ்களுக்கும் மாரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட பூசல் அந்நகரையும் பற்றியிருந்தது. உதுமானிய ஆளுநர் செயலற்றிருந்தார். அவ்வேளையில், அங்குக் குடியேறி வாழ்ந்துவந்த நாடிழந்த தலைவர் ஒருவர் தம் மக்ரிபு வீரர்களுடன் தெருவில் இறங்கினார். ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தேடி அழைத்துவந்து, தம் இல்லத்திலும் பின்னர் நகரக் கோட்டையிலும் வைத்துக் காத்தார். அவரே அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ. அல்ஜீரியாவைக் கைப்பற்ற வந்த பிரெஞ்சுப் படையை 1832 முதல் 1847 வரை எதிர்த்து நின்றவர். சரணடைந்தபின், அளிக்கப்பட்ட வாக்குறுதிக்கு மாறாக 1852 வரை பிரான்சில் சிறைவைக்கப்பட்டவர்.

செய்தி பரவியதும் பல நாட்டு அரசுகள் அவரைச் சிறப்பித்தன. அவரைச் சிறையிட்ட பிரான்சு தன் உயரிய விருதான லீஜியன் ஆஃப் ஹானரின் பெருஞ்சிலுவையை அளித்தது. ரஷ்யா, பிரஷ்யா, கிரேக்கம் ஆகியவை தத்தம் விருதுகளை அனுப்பின. போப் ஒன்பதாம் பயஸும் தம் பெயரிலமைந்த விருதை அனுப்பினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அனுப்பியவை ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கிகள்! உயிர்களைக் காத்தவருக்கு ஆயுதம் பரிசாகச் சென்றது அக்காலத்து மரபு. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் அமீர் பெற்ற பாராட்டுகளுள் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. காக்கேசிய மலைகளில் ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டிருந்த இமாம் ஷாமில், தம்மைப் போலவே தோற்ற அந்த வீரருக்கு அவருடைய செயலை வாழ்த்தி மடல் எழுதினார்.

அமைதிக்கெனப் பன்னாட்டுப் பரிசு எதுவும் அன்று இல்லை. அத்தகைய பரிசு 41 ஆண்டுகள் கழித்துத் தோன்றியபோது, அது எத்தகைய அமைதியை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது, எவருடைய போர்களை அது போர் எனக் கணக்கிட்டது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

அமைதிக்குப் பரிசு என்னும் எண்ணம் நோபலுக்கு முற்பட்டது. 1828இல் தோன்றிய அமெரிக்க அமைதிச் சங்கம், நாடுகளின் பேரவை ஒன்றை அமைத்துப் போரைத் தவிர்ப்பது எவ்வாறு என்னும் பொருளில் கட்டுரைப் போட்டி ஒன்றை அறிவித்தது. நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. எனவே சங்கத்தை நிறுவிய வில்லியம் லாட் என்பவர் சிறந்த ஐந்து கட்டுரைகளுடன் தாம் எழுதிய ஆறாவதையும் சேர்த்து 1840இல் நூலாக வெளியிட்டார். நாடுகளின் பேரவை வேறு, நாடுகளின் நீதிமன்றம் வேறு என அவர் பிரித்துக் காட்டிய திட்டம் பிற்காலத்துப் பன்னாட்டு அமைப்புகளுக்கு முன்னோடி எனப் போற்றப்படுகிறது. போற்றத்தக்கதே. ஆனால் அப்பேரவையில் இடம்பெறத் தக்கவர்களென லாட் கருதியவை கிறிஸ்தவ, நாகரிக நாடுகள். அவ்விரு சொற்களும் இணைந்தே வந்தன என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

ஆல்ஃபிரட் நோபலின் வரலாற்றை நம் வாசகர்கள் நன்கறிவர், விரிக்க வேண்டியதில்லை. 1867இல் டைனமைட்டுக்கு உரிமம் பெற்றவர். இறுதி ஆண்டுகளில் போஃபர்ஸ் என்னும் பீரங்கித் தொழிற்சாலையையும் வாங்கியவர். 1895 நவம்பர் 27ஆம் நாள் பாரிஸில் கையெழுத்திட்ட இறுதி விருப்ப ஆவணத்தில், நாடுகளிடையே சகோதரத்துவத்தை வளர்த்தல், நிலையான படைகளை ஒழித்தல் அல்லது குறைத்தல், அமைதி மாநாடுகளைக் கூட்டிப் பரப்புதல் ஆகிய மூன்றில் மிகுதியாகவோ சிறப்பாகவோ உழைத்தவருக்கு ஆண்டுதோறும் பரிசு வழங்கப் பணித்தார். ஏனைய பரிசுகளை ஸ்வீடன் நிறுவனங்களிடம் ஒப்படைத்தவர், இதனை மட்டும் நார்வே நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழுவிடம் விட்டார். அப்போது நார்வே, ஸ்வீடன் மன்னரின் கீழிருந்த நாடு. 1905இல்தான் தனி நாடாயிற்று. நோபல் இதற்குக் காரணம் எதுவும் எழுதி வைக்கவில்லை. அமைதிப் பரிசு ஆவணத்தில் இடம்பெற்றதற்கு ஆஸ்திரிய எழுத்தாளர் பெர்த்தா வான் சுட்னரின் நட்பு தூண்டுகோலாயிற்று என்பர். 1889இல் வெளிவந்த அவருடைய போர் எதிர்ப்புப் புதினம் ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. 1905இல் அவருக்கே அப்பரிசு கிடைத்தது.

மேற்கண்ட மூன்று பணிகளும் அரசுகளுக்கு இடையிலானவை. படை வைத்திருப்பவர், மாநாட்டுக்கு அழைக்கப்படுபவர், ‘நாடு’ என ஏற்கப்பட்டவர் ஆகியோருக்கு இடையே போர் மூளாதிருத்தலே அங்கு அமைதி. 1895இல் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் ஆசியாவின் பெரும்பகுதியும் இந்த வரையறைக்கு வெளியே நின்றன. பரிசுக்குப் பெயர் முன்மொழியும் முறையும் அவ்வாறே அமைந்தது. நாடாளுமன்ற உறுப்பினர், அரசாங்கத்தினர், நாடாளுமன்றங்களிடை ஒன்றியத்தினர், பன்னாட்டுச் சட்டக் கழகத்தினர், பெர்ன் நகர அமைதிச் செயலகத்தினர், குறிப்பிட்ட துறைப் பேராசிரியர்கள் ஆகியோரே முன்மொழியத் தக்கவர். நாடாளுமன்றமே இல்லாத நாட்டிலிருந்து எவர் முன்மொழிவார்? 1901 முதல் 1913 வரை 17 தனியாட்களும் 2 நிறுவனங்களும் பரிசு பெற்றனர். அப்பதினெழுவருள் 15 பேர் ஐரோப்பியர், இருவர் அமெரிக்கர். இவ்வட்டத்திற்கு வெளியிலிருந்து ஒருவர் பரிசு பெறுவதற்கு 1936இல் அர்ஜென்டினாவின் சாவேத்ரா லாமாஸ் வரும்வரையிலும், முஸ்லிம் ஒருவர் பெறுவதற்கு 1978இல் அன்வர் சாதாத் வரும்வரையிலும் காத்திருக்க நேர்ந்தது.

எனினும் குழுவின் முதல் தேர்வே அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியது. 1901 டிசம்பர் 10ஆம் நாள் முதற் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் நாடாளுமன்றங்களிடை ஒன்றியத்தை 1889இல் நிறுவியோருள் ஒருவரான பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் ஃபிரடெரிக் பாஸி. மற்றவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஹென்றி டுனாண்ட். இந்தப் பகிர்வுக்குப் பின்னால் ஒரு கருத்து மோதல் இருந்தது. போரில் காயமுற்றோரைப் பேணுதல் அமைதிப் பணியாகுமா? அது போரைத் தாங்கத்தக்கதாக ஆக்கி, அதன் ஆயுளை நீட்டிப்பதாகாதா? போரை ஒழிக்க முனைந்தவர்கள் இவ்வினாவைக் கடுமையாகவே எழுப்பினர். ஆவணத்தின் சொற்படி நோக்கினால் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. ஆனால் ஆவணத்தின் சொற்படி மட்டுமே குழு நடந்திருப்பின், முதற் பட்டியலில் நாம் மதிக்கத்தக்க பெயர்களில் ஒன்று இல்லாது போயிருக்கும்.

1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் நடந்த போரில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்ததும், அதனைக் கண்ட டுனாண்ட் 1862இல் நூலெழுதியதும், அதிலிருந்து செஞ்சிலுவை இயக்கமும் 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்ததும் பள்ளிப் பாடங்களில் உள்ளவை. அவர் அங்கு ஏன் சென்றார் என்பது பாடங்களில் அரிதாகவே இடம்பெறும். டுனாண்ட் அன்று அல்ஜீரியாவில் மாவு ஆலை நடத்த முனைந்த வணிகர். அமீர் அப்துல் காதிர் பறிகொடுத்த மண்ணில், ஸெதிஃப் வட்டாரத்தில் சுவிஸ் குடியேற்ற நிறுவனம் ஒன்றுக்காக முன்னர்ப் பணியாற்றியவர். தம் ஆலைக்கு வேண்டிய நீருரிமையைப் பெறுவதற்காகப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தேடிப் போர்க்களத்திற்கே சென்றார். குடியேற்ற ஆட்சியின் பயனாளி ஒருவர் தம் இலாபத்திற்காக மேற்கொண்ட பயணத்திலிருந்துதான் உலகின் மிகப் பெரிய மனிதநேய இயக்கம் பிறந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் வரலாற்றுக்கு அழகு.

அவர் எழுதிய முதல் நூல் சோல்ஃபெரினோவைப் பற்றியதன்று; துனீசியாவைப் பற்றியது. 1858இல் ஜெனீவாவில் அச்சிடப்பட்ட அந்நூலில் அடிமை முறையைப் பற்றி ஓர் இயல் உண்டு. முஸ்லிம்களிடையே அடிமைகள் நடத்தப்பட்ட முறையை அமெரிக்க மாநிலங்களின் முறையோடு ஒப்பிட்டு, அமெரிக்க முறையின் கொடுமையை அவர் கண்டித்தார். துனீசியாவை ஆண்ட அஹ்மத் பே 1846இலேயே அடிமை முறையை ஒழித்துவிட்டார். பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அதனை ஒழித்தது 1848இல், அமெரிக்கா 1865இல். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் டுனாண்ட் அவ்வியலைத் தனி வெளியீடாகவே மீண்டும் அச்சிட்டார். முஸ்லிம் உலகின் அடிமை முறையை மென்மைப்படுத்திக் காட்டிவிட்டார் என அவரைக் குறைகூற இடமுண்டு. எனினும், ஐரோப்பாவே நாகரிகத்தின் அளவுகோல் எனக் கொள்ளப்பட்ட காலத்தில், அந்த அளவுகோலைத் திருப்பிப் பிடித்து அளந்து பார்த்த துணிவு அவரிடம் இருந்தது.

போர்க் கைதிகளைக் கண்ணியமாக நடத்தும் நெறி ஜெனீவாவில் புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. அமீர் அப்துல் காதிர் தம்மிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர்களைப் பேணியதும், 1841இல் அல்ஜியர்ஸ் ஆயர் துப்பூஷின் வேண்டுகோளை ஏற்றுக் கைதிகள் பரிமாற்றத்திற்கு இசைந்ததும் உடன்படிக்கைக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை. உதுமானியப் பேரரசு 1865இலேயே ஜெனீவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 1876இல் சிலுவைக்குப் பதிலாகச் செம்பிறையைத் தன் மருத்துவ அணிகளுக்கு அடையாளமாகக் கொண்டது. அச்சின்னம் 1929ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் முறையாக ஏற்கப்பட்டது.

டுனாண்டின் தொழில் 1867இல் நொடித்தது. ஜெனீவா அவரை விலக்கியது. வறுமையில் அலைந்து, இறுதியில் ஹைடன் என்னும் சிற்றூர் மருத்துவமனையில் ஒதுங்கி வாழ்ந்தவரைத் தேடிப் பரிசு வந்தது. கடன்காரர் கைப்பற்றாதவாறு அப்பணத்தை நார்வே வங்கி ஒன்றிலேயே நண்பர் ஒருவர் வைத்துக் காத்தார். டுனாண்ட் அதில் செலவழித்தது சொற்பமே. 1910இல் இறந்தபோது எஞ்சியதை அறப்பணிகளுக்கு எழுதிவைத்தார்.

அடுத்துவந்த சில ஆண்டுகளின் பரிசுகளை விரைந்து கடக்கலாம். அமைதிச் செயலகத்தின் பணியாளர்கள், தச்சராக வாழ்வைத் தொடங்கி நாடாளுமன்றம் புகுந்த ஆங்கிலேயர் ராண்டல் கிரீமர், பன்னாட்டுச் சட்டக் கழகம் என நேர்மையான தேர்வுகள் தொடர்ந்தன. இவர்களுள் பலருடைய உழைப்பும் 1899, 1907 ஆகிய ஆண்டுகளில் ஹேக் நகரில் கூடிய அமைதி மாநாடுகளைச் சுற்றியே அமைந்தது. பின்னர்ப் பரிசு பெற்ற லூயி ரெனோ, பெர்னார்ட், ஆஸர், தெஸ்தூர்னெல் ஆகிய நால்வரும் 1899இல் அம்மாநாட்டில் அமர்ந்திருந்தனர். உதுமானியப் பேரரசும் பாரசீகமும் அதில் கலந்துகொண்டன. நடுவர் தீர்ப்பாயம் ஒன்றை நிறுவிய பெருமை அம்மாநாட்டுக்கு உண்டு.

அதே மாநாட்டில் நடந்த ஒரு விவாதத்தை இங்குக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் உருவானதால் அவ்வூரின் பெயரையே பெற்ற குண்டு, உடலுக்குள் புகுந்ததும் விரிந்து பெரும் புண்ணை உண்டாக்கவல்லது. விரியும் குண்டுகளைத் தடைசெய்ய வேண்டும் எனப் பிற நாடுகள் கோரின. பிரிட்டனின் பிரதிநிதி ஜான் ஆர்டா அதனை எதிர்த்தார். நாகரிக நாட்டு வீரன் சிறு காயம் பட்டதும் பின்வாங்குவான். காட்டுமிராண்டியோ குண்டு பாய்ந்தபின்னும் முன்னேறி வருவான். ஆகவே அவனை நிறுத்த இக்குண்டு வேண்டும் என்பது அவருடைய வாதம். அதற்கு முந்தைய ஆண்டு, 1898 செப்டம்பர் 2ஆம் நாள், சூடானின் உம்முதுர்மானில் ஏறத்தாழ 10,000 பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். விரியும் குண்டுகள் அங்குப் பயன்பட்டன. தடைத் தீர்மானம் மாநாட்டில் நிறைவேறியது. ஆனால் கையெழுத்திட்ட நாடுகள் தமக்குள் போரிடும்போது மட்டுமே அது செல்லும் என வரையறுக்கப்பட்டது. சூடானியர் கையெழுத்திட அழைக்கப்படவில்லை.

1906ஆம் ஆண்டின் பரிசு இந்த எல்லையை வெளிச்சமிட்டுக் காட்டியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ரஷ்ய-ஜப்பானியப் போரை முடிவுக்குக் கொணர்ந்த 1905ஆம் ஆண்டின் போர்ட்ஸ்மத் உடன்படிக்கைக்காகப் பரிசு பெற்றார். ஆட்சியிலிருக்கும் நாட்டுத் தலைவர் ஒருவர் பரிசு பெற்றது அதுவே முதன்முறை. இரு பேரரசுகளின் போரை நிறுத்தியது மெய்யான சாதனை. அதனால் தப்பிய உயிர்கள் பல. அதே உடன்படிக்கை கொரியாவில் ஜப்பானின் மேலாண்மையை ஏற்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. மொராக்கோவை முன்னிட்டுப் பிரான்சும் ஜெர்மனியும் மோதும் நிலையில் 1906இல் கூடிய அல்ஜெஸிராஸ் மாநாட்டிலும் ரூஸ்வெல்ட்டின் சமரச முயற்சி உண்டு. ஐரோப்பா அப்போது போரிலிருந்து தப்பியது. மொராக்கோ 1912இல் பிரான்சின் பிடிக்குள் சென்றது.

இவற்றினும் அழுத்தமானது பிலிப்பைன்ஸ் தீவுகளில் நிகழ்ந்தது. 1906 மார்ச் முதல் வாரத்தில், அமெரிக்க ஆட்சியையும் அதன் வரியையும் ஏற்க மறுத்த மோரோ முஸ்லிம்கள் ஹோலோ தீவின் புட் தாஜோ என்னும் அணைந்த எரிமலையின் வாய்க்குள் குடும்பங்களோடு குடியிருந்தனர். அமெரிக்கப் படை மலையைச் சூழ்ந்து பீரங்கிகளாலும் துப்பாக்கிகளாலும் தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 600க்குக் குறையாதோர் கொல்லப்பட்டனர். 1,000ஐ ஒட்டிய மதிப்பீடுகளும் உண்டு. படைத் தலைவர் லெனர்ட் வுட்டுக்கு ரூஸ்வெல்ட் பாராட்டுத் தந்தி அனுப்பினார். அமெரிக்க நாளேடுகளில் கண்டனங்கள் எழுந்தன. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் அத்தந்தியைக் கசப்போடு எள்ளி எழுதினார். ஆகவே செய்தி மறைக்கப்பட்டிருந்தது எனச் சொல்ல வழியில்லை. ஒன்பது திங்கள் கழித்து அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டபோது புட் தாஜோ ஒரு தடையாகத் தோன்றவில்லை. ஏனெனில் அது ‘போர்’ என்னும் கணக்கிலேயே சேரவில்லை. உள்நாட்டு ஒழுங்கு நடவடிக்கை என்பதே அதற்கு இடப்பட்ட பெயர். அத்தீவுகளின் ஆட்சிமுறையைப் போர்த்துறை அமைச்சராக இருந்து வகுத்த எலிஹு ரூட் என்பவருக்கு 1912ஆம் ஆண்டிற்கான பரிசு கிடைத்தது.

1907இல் லூயி ரெனோவுடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட எர்னெஸ்டோ மொனேட்டா, இத்தாலிய நாளேடு ஒன்றின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவர். லம்பார்டி அமைதி ஒன்றியத்தை 1887இல் நிறுவியவர். நான்கு ஆண்டுகளில் அவருடைய அமைதிக்குச் சோதனை வந்தது. 1911 செப்டம்பர் 29 அன்று இத்தாலி உதுமானியப் பேரரசின் மீது போர் அறிவித்து லிபியாவில் படை இறக்கியது. நவம்பர் முதல் நாள் திரிப்போலியை அடுத்த அய்ன் ஸாராவின் மீது இத்தாலிய விமானி ஒருவர் கையால் குண்டு வீசினார். விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்ட வரலாறு அங்கே தொடங்குகிறது. அமைதிப் பரிசு பெற்ற மொனேட்டா அப்படையெடுப்பை நியாயப்படுத்தினார். நாகரிகத்தைக் கொண்டுசெல்லும் செயலாக அதனைக் கண்டார். பெர்த்தா வான் சுட்னரும் வேறு பல அமைதி இயக்கத்தாரும் இத்தாலியைக் கண்டித்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மொனேட்டாவைப் போலி எனத் தள்ளிவிடுவது எளிது. அவருடைய கொள்கையில் லிபியருக்கு இடமே இல்லாதிருந்தது என்பதே சரியான விளக்கம் எனத் தோன்றுகிறது. உமர் முக்தார் 1931இல் தூக்கிலிடப்படும்வரை நீண்ட அப்போரின் தொடக்கத்தை ஓர் அமைதியாளர் வாழ்த்தி அனுப்பினார்.

1909இல் பரிசு பெற்ற தெஸ்தூர்னெல் த கோன்ஸ்தானின் வாழ்க்கை இதற்கு எதிர்த்திசையில் சென்றது. 1881இல் துனீசியாவைப் பிரான்சு தன் பாதுகாப்பின்கீழ்க் கொணர்ந்தபின், அங்கு ஆட்சியமைப்பை நிறுவிய இளம் தூதரக அலுவலருள் அவரும் ஒருவர். டுனாண்ட் பாராட்டி எழுதிய நாட்டைப் பிரான்சு எவ்வாறு ஆளத் தொடங்கியது என்பதை நியாயப்படுத்தி 1891இல் நூலும் வெளியிட்டவர். அத்தகையவரிடம் 1913இல் வேறொரு பொறுப்பு வந்து சேர்ந்தது.

எஃகு வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னெகி, 1910இல் ஒரு கோடி டாலர் அளித்து அமைதிக்கான அறக்கட்டளை ஒன்றை நிறுவியிருந்தார். 1912, 1913ஆம் ஆண்டுகளின் பால்கன் போர்களில் நடந்த கொடுமைகளை விசாரிக்க அவ்வறக்கட்டளை பல நாட்டு அறிஞர் குழு ஒன்றை அமைத்து, தெஸ்தூர்னெலைத் தலைவராக்கியது. பால்கன் நிலத்தின் முஸ்லிம்கள் பெருந்திரளாக வேரறுக்கப்பட்ட போர்கள் அவை. இந்தியாவிலிருந்து டாக்டர் எம்.ஏ. அன்சாரியின் தலைமையில் மருத்துவக் குழு ஒன்று 1912இல் துருக்கிக்குச் சென்றதும் அப்போரின்போதுதான். அன்சாரி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நமக்கொரு நெருக்கமான செய்தி. கார்னெகிக் குழுவினர் நேரில் சென்று அகதிகளிடம் வாக்குமூலம் பெற்றனர். முதற்போரில் மாசிடோனிய முஸ்லிம்களின் ஊர்கள் எரிக்கப்பட்டதையும், சலோனிக்காவில் குவிந்த முஸ்லிம் அகதிகளின் நிலையையும் தனிப் பகுதியாகவே பதிவுசெய்தனர். பல்கேரியர், கிரேக்கர், செர்பியர், உதுமானியப் படையினர் என எத்தரப்பின் குற்றத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. ஐரோப்பியச் செய்தித்தாள்களில் துருக்கியர் கொடுமை மட்டுமே பேசப்பட்டுவந்த காலத்தில், எரிக்கப்பட்ட முஸ்லிம் சிற்றூர்களும் மனிதர் வாழ்ந்த ஊர்களாகவே ஓர் அமைதி நிறுவனத்தின் ஏட்டில் இடம்பெற்றன. தெஸ்தூர்னெல் அதற்கு முன்னுரை எழுதினார். துனீசியாவை ஆண்ட அலுவலரிடம் அந்தப் பார்வை என்று, எவ்வாறு பிறந்தது என்பதை ஆராய்ந்து நூலெழுத நம்மவருள் ஒருவர் முன்வரலாம்.

அறிக்கை 1914இல் வெளிவந்தது. அதனைப் படித்து விவாதிக்க ஐரோப்பாவுக்குக் காலம் இருக்கவில்லை. ஜூன் 21 அன்று பெர்த்தா வான் சுட்னர் காலமானார். ஒரு வாரத்தில் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். இலையுதிர் காலத்தில் வியன்னாவில் கூடவிருந்த அமைதி மாநாடு கைவிடப்பட்டது. அவ்வாண்டிற்கான அமைதிப் பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை.